பேட்டரி இறங்கிய நான்கு ஸ்ட்ரோக் ஸ்னோமொபைலை ஸ்டார்ட் செய்வது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

வடக்கு ஒன்டாரியோவில் டிம்மின்ஸ், காக்ரன் பக்கம் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்குவது அதிசயமில்லை. அப்படி ஓர் இரவு முழுக்க விடுதி வாசலில் நின்ற நான்கு ஸ்ட்ரோக் ஸ்னோமொபைலில் காலையில் ஏறி அமர்ந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது, செல்ஃப் சுற்றாமல் உள்ளேயிருந்து ‘டிக்’ என்று ஓர் ஓசை மட்டும் வந்தால், பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். எவருக்கும் அப்போது கை தானாகவே மறுபடியும் பட்டனுக்குத்தான் போகும். அந்தக் கையை நிறுத்துவதுதான் முதல் படி. பேட்டரியில் மிச்சமிருக்கும் கொஞ்ச சக்தி பழுது எங்கே என்று கண்டுபிடிக்கவும், பிறகு வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கும்போது எஞ்சின் பிடித்துக்கொள்ளவும் தேவைப்படும். ஐந்தாறு முறை வீணாக அழுத்தினால் அதுவும் போய்விடும்.

கனடாவுக்குப் புதிதாக வந்து, முதல் பனிக்காலத்திலேயே பழைய வண்டி ஒன்றை வாங்கியவர்களையும், ஹாலிபர்ட்டன் அல்லது மஸ்கோகா பக்கம் விடுமுறைக்குச் சென்று வண்டி வாடகைக்கு எடுப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வாடகை வண்டியாக இருந்தால் எதையும் கழற்றும் முன் உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்துவிடுங்கள். சொந்த வண்டியாக இருந்தால் அதன் கையேட்டில் உள்ள பேட்டரிப் பகுதியை வீட்டிலேயே ஒருமுறை படித்துவிடுங்கள். கீழே சொல்பவை பொதுவானவை, கையேடு வேறு மாதிரி சொன்னால் அதுவே இறுதி.

தள்ளியும் இழுத்தும் ஏன் பயனில்லை

ஊரில் பேட்டரி இறங்கிய மோட்டார் சைக்கிளை இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளிவிட்டோ, கிக்கரை உதைத்தோ ஸ்டார்ட் செய்து பழகியவர்களுக்கு இங்கேயும் அப்படி ஒரு வழி இருக்கும் என்றே தோன்றும். பனிவண்டியில் அது நடக்காது. எஞ்சினுக்கும் ட்ராக்குக்கும் (பனியில் வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டை) நடுவே இருப்பது மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோன்ற கியர்பாக்ஸ் அல்ல. பெல்ட்டால் இணைந்த இரண்டு கிளட்சுகள் இருக்கின்றன. எஞ்சின் பக்கத்துக் கிளட்ச் மையவிலக்கு விசையால் இயங்குவது. எஞ்சின் ஐட்லிங்கைத் தாண்டி நன்றாக வேகமெடுத்த பிறகுதான் அது பெல்ட்டைப் பிடிக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது பெல்ட் அதன்மேல் தளர்வாகக் கிடக்கும். ஆகவே வண்டியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும், இன்னொரு வண்டியில் கட்டி இழுத்தாலும், ட்ராக் சுழலுமே தவிர எஞ்சின் அசையாது.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் கயிறு இழுக்கும் வசதி இருக்கிறது. இழுக்கும் வேகத்தில் மேக்னெட்டோ உண்டாக்கும் மின்சாரமே பிளக்கில் பொறி பறக்கவும் இன்ஜெக்டர் திறக்கவும் போதுமானபடி அந்த எஞ்சின்கள் வடிவமைக்கப்பட்டிருக்கும். கியூபெக்கின் வால்கோர்ட்டிலிருந்து 1959-இல் வெளிவந்த முதல் ஸ்கி-டூ பனிவண்டியில் இருந்ததும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்தான். ஆனால் அது ஒரே சிலிண்டர் கொண்ட, சுமார் 7 குதிரைத்திறன் உள்ள சிறிய எஞ்சின். கையால் சுற்றக்கூடிய அளவு. 2003-ஆம் ஆண்டு மாடலாக யமஹா கொண்டுவந்த ஆர்எக்ஸ்-1-இல் 998 சிசி, நான்கு சிலிண்டர். ரோட்டாக்ஸ் 900 ஏஸ் எஞ்சினில் மூன்று சிலிண்டர். இவ்வளவு பெரிய எஞ்சினின் அமுக்கத்தை, குளிரில் இறுகிய ஆயிலோடு சேர்த்துக் கையால் இழுத்துச் சுற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதால் பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் அந்தக் கயிறே கிடையாது. கிளட்சைச் சுற்றிக் கயிறு கட்டி இழுக்கும் அவசர முறை ஒன்று சில இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் கையேட்டில் உண்டு. அதைப் பார்த்து நான்கு ஸ்ட்ரோக்கில் முயலாதீர்கள். அமுக்கம் திருப்பி உதைத்தால் விரல்களோ மணிக்கட்டோ போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. எஞ்சினைச் சுற்றுவது மட்டுமே பேட்டரியின் வேலை அல்ல. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர்கள், பொறியை நேரம் பார்த்து அனுப்பும் கணினி ஆகிய எல்லாமே அதை நம்பியிருக்கின்றன. பலவீனமான பேட்டரி செல்ஃபை மெல்லச் சுற்றிவிடும். ஆனால் அந்த நேரத்தில் வோல்டேஜ் கீழே விழுவதால் கணினிக்குப் போதிய கரண்ட் கிடைக்காமல் எஞ்சின் பிடிக்காது. ‘நன்றாகத்தான் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை, பெட்ரோலில் கோளாறு’ என்று நினைத்து அலைபவர்களில் பலருடைய வண்டியில் உண்மையான குறை பேட்டரியில்தான் இருக்கும்.

மறுபடி பட்டனை அழுத்தும் முன்

முதலில் எளியவற்றைப் பாருங்கள். எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச் மேலே இழுக்கப்பட்டிருக்கிறதா, பாதுகாப்புக் கயிற்றின் (ஓட்டுபவர் உடையில் மாட்டிக்கொள்வது, அவர் விழுந்தால் எஞ்சினை அணைப்பது) மூடி தன் இடத்தில் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறதா, அதன் உள்ளே பனி புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால்தான் செல்ஃப் வேலை செய்யும். கட்டைவிரலால் அழுத்தும் த்ராட்டில் நெம்புகோலை ஒருமுறை அழுத்தி விடுங்கள். அது உடனே துள்ளித் திரும்ப வேண்டும். உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அதைச் சரிசெய்யாமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது, ஏனென்றால் பிடித்த கணமே வண்டி பாய்ந்துவிடும்.

அடுத்து, ஓசையைக் கவனியுங்கள். ஒரே ஒரு முறை அழுத்திக் கேட்டால் போதும். ‘டிக்-டிக்-டிக்’ என்று வேகமாகத் தொடர்ந்து வந்து, மீட்டர் விளக்கும் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினலில் லூஸ் காண்டாக்ட் இருக்கிறது. அழுத்தமாக ஒரே ஒரு ‘டக்’ வந்து நின்றுவிட்டால், பேட்டரியோடு ஸ்டார்ட்டர் மோட்டாரையும் தடித்த கேபிள்களையும் சந்தேகிக்க வேண்டும். ஓசையே இல்லை, மீட்டரும் எரியவில்லை என்றால் பேட்டரி முழுவதும் காலியாகியிருக்கலாம். மெயின் ஃப்யூஸ் போயிருக்கவும் வாய்ப்புண்டு. மீட்டர் பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் அசையவில்லை என்றால் குறை ஸ்விட்சிலோ ரிலேயிலோ இருக்கும். அந்த நிலையில் எத்தனை பேட்டரியைக் கொண்டுவந்து கட்டினாலும் பயன் இல்லை.

பிறகு பேட்டரியைத் திறந்து பாருங்கள். பல வண்டிகளில் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றினால் தெரியும். சிலவற்றில் இருக்கைக்கு அடியில் இருக்கும். இந்த இடத்தில் சற்று நிதானம் வேண்டும். கார் பேட்டரிபோல இதில் தடித்த ஈய முனைகள் கிடையாது. சிறிய தகட்டு முனையில் சதுர நட்டு ஒன்றைச் செருகி, மேலிருந்து போல்ட்டை முடுக்கியிருப்பார்கள். பனிவண்டியின் அதிர்வில் இந்த போல்ட் தளர்வது மிகச் சாதாரணம். கேபிளின் வளையத்தை விரலால் அசைத்துப் பாருங்கள்; சிறிதளவு அசைந்தாலும் அதுவே காரணமாக இருக்கலாம். முடுக்கும்போது தடித்த கையுறையோடு செய்தால் அந்தச் சதுர நட்டு நழுவி வண்டியின் வயிற்றுப் பகுதிக்குள் விழுந்துவிடும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. ஆகவே மெல்லிய உள் கையுறை மட்டும் அணிந்து, கீழே ஒரு துணியை விரித்துக்கொண்டு செய்யுங்கள். ஸ்பானர் பிளஸ் முனையையும் வண்டியின் உலோகத்தையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடக் கூடாது. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கத்தி முனையால் சுரண்டிப் பளபளவென்று உலோகம் தெரியும்படி செய்யுங்கள். இவ்வளவிலேயே உயிர் பெற்று ஓடிய வண்டிகள் நிறைய.

சட்டைப்பையில் அடங்கும் சிறு மல்டிமீட்டர் இருந்தால் ஊகத்துக்கு வேலையில்லை. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு சார்ஜ். 12-க்கு அருகில் வந்துவிட்டால் குளிரில் எஞ்சினைச் சுற்றும் என்று நம்ப முடியாது. பட்டனை அழுத்தும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி சுமை தாங்கவில்லை என்று பொருள். இரவு முழுக்க சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5-க்கு அருகிலேயே நின்றால் உள்ளே ஒரு செல் செத்துவிட்டது. அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

உறைந்த பேட்டரியைத் தொடாதீர்கள்

குளிர்நாட்டுக்கே உரிய ஆபத்து இது. முழுச் சார்ஜில் இருக்கும் ஈய-அமில பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. முழுவதும் இறங்கிப்போன பேட்டரியில் அமிலம் ஏறத்தாழத் தண்ணீராகவே மாறிவிடுவதால், மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ, மூடி விரிசல் விட்டிருந்தாலோ, உள்ளே பார்க்கக்கூடிய வகையாக இருந்து பனிக்கட்டி தெரிந்தாலோ, அதற்குக் கேபிள் போடவோ சார்ஜ் ஏற்றவோ கூடாது. உறைந்த பேட்டரிக்குள் கரண்ட் பாயும்போது அது வெடிக்கக்கூடும். கழற்றி, சூடான இடத்தில் மெதுவாகக் கரைய விட்டுப் பாருங்கள். ஓடு உடைந்திருந்தால் அந்த பேட்டரியைக் கைவிட வேண்டியதுதான். நேற்று வரை நன்றாக ஓடி, இன்று காலை மட்டும் சோம்பும் பேட்டரி உறைந்திருக்க வாய்ப்பில்லை. வாரக்கணக்கில் கவனிப்பாரற்று நின்ற வண்டியில்தான் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

ஜம்ப் பேக் கொண்டு ஸ்டார்ட் செய்வது

தனியாகச் செல்பவருக்கு என் பரிந்துரை, லித்தியம் ஜம்ப் பேக் (வண்டியை ஸ்டார்ட் செய்யக் கரண்ட் கொடுக்கும் கையடக்க பேட்டரி) ஒன்றை எப்போதும் உடன் வைத்திருப்பதுதான். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. விலையும் ஒரு முறை வண்டியை இழுத்து வரச் சொல்லும் கூலியைவிடப் பெரும்பாலும் குறைவு. ஆனால் அதை வண்டியின் பின்பெட்டியில் போட்டு வைத்தால், வேண்டிய நேரத்தில் அதுவும் குளிர்ந்து சோர்ந்திருக்கும். குளிர்கோட்டின் உள்பையில், உடம்பின் சூடு படும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இணைக்கும் முன் ஹெல்மெட்டின் முகத்திரையை இறக்கிவிடுங்கள். பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும் என்பதால் கண்ணுக்குக் காப்பு தேவை. சிகரெட்டும் லைட்டரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றி வைத்த நிலையிலேயே சிவப்புக் கிளிப்பைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும், கறுப்புக் கிளிப்பை எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலோ உலோகத் தாங்கியிலோ மாட்டுங்கள். பிளாஸ்டிக்கும் பெயின்ட் பூசிய குழாய்களும் எர்த் ஆகாது. பேட்டரியை எட்டவே முடியாத வண்டிகளில் ஸ்டார்ட்டர் ரிலேயின் பேட்டரிப் பக்க முனையில் சிவப்பை மாட்டலாம். அது எந்த முனை என்று கையேட்டில் பார்த்து வீட்டிலேயே அடையாளம் செய்து வைப்பது நல்லது.

கிளிப்புகள் மாட்டிய பிறகும் பேக்கின் விளக்கு எரியாமல் இருக்கலாம். வண்டியின் பேட்டரி அடியோடு காலியாகிவிட்டால், எதிரே பேட்டரி இருப்பதையே பேக்கால் உணர முடியாது. அதற்காகத்தான் பல பேக்குகளில் வலிந்து கரண்ட் கொடுக்கும் தனி பட்டன் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தும்போது பிளஸ்-மைனஸ் மாறினால் தடுக்கும் பாதுகாப்பு விலகிவிடும் என்பதால், அழுத்தும் முன் நிறங்களை இரண்டு முறை சரிபாருங்கள்.

இப்போது பாதுகாப்புக் கயிற்றை மாட்டி, கில் ஸ்விட்சை இழுத்துவிட்டு, மீட்டர் எரிந்து பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று நொடி ரீங்கரித்து அடங்கும்வரை காத்திருங்கள். த்ராட்டிலைத் தொடாமல் பட்டனை அழுத்துங்கள். குளிருக்குத் தேவையான பெட்ரோலை இன்ஜெக்ஷன் தானே கணக்கிட்டுக் கொடுக்கும். ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் அழுத்த வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் குறைந்தது அரை நிமிடம், முடிந்தால் ஒரு நிமிடம் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். இடைவெளி விடாமல் அழுத்தினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிக் கருகும். பல முறை முயன்றதில் பிளக்குகள் பெட்ரோலில் நனைந்துவிட்டதாகத் தோன்றினால், பல இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் த்ராட்டிலை முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும், சிலிண்டர் காய்ந்துவிடும். எஞ்சின் பிடிக்கும் அறிகுறி தெரிந்த உடனே த்ராட்டிலை விட்டுவிட வேண்டும்.

இன்னொரு பனிவண்டியிலிருந்து

கூட்டமாகப் போகிறவர்களுக்கு இதுவே கைக்கெட்டும் வழி. கார்களுக்கான தடித்த ஜம்பர் கேபிளின் பெரிய பற்கள் இந்தச் சிறிய முனைகளைப் பிடிக்காமல் நழுவும். நழுவிப் பக்கத்து உலோகத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். மோட்டார் சைக்கிள்களுக்கென்று விற்கும் சிறு பற்கள் கொண்ட கேபிளை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் மிக மெல்லிய மலிவான கேபிளை வாங்கினால் பாதிக் கரண்ட் வழியிலேயே சூடாகப் போய்விடும்.

இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல், கேபிள் எட்டும் தூரத்தில் நிற்கட்டும். இரண்டின் எஞ்சினும் நின்றிருக்க வேண்டும். முதலில் சிவப்புக் கேபிளின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பிளஸில். அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸில். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனை, இறங்கிய வண்டியின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில்தான் சிறு பொறி வரும் என்பதால் அது வாயு சேரக்கூடிய பேட்டரிக்கு அருகில் இருக்கக் கூடாது.

இணைத்த பிறகு உதவும் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து முதல் பத்து நிமிடம் ஓட விடுங்கள். இந்தக் காத்திருப்பைத்தான் பெரும்பாலோர் தவிர்க்கிறார்கள், குளிரில் நிற்க யாருக்குத்தான் பொறுமை இருக்கும்! ஆனால் இந்த நேரத்தில் காலியான பேட்டரிக்குள் கொஞ்சமாவது சார்ஜ் ஏறிவிடுவதால், செல்ஃபின் முழுச் சுமையும் நல்ல வண்டியின் சிறிய பேட்டரிமேல் விழாது. பிறகு உதவும் வண்டியை அணைத்துவிட்டு, இறங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்வதுதான் இரண்டு வண்டிகளின் மின்னணுச் சாதனங்களுக்கும் பாதுகாப்பு என்பது என் கருத்து. உதவும் வண்டியும் கயிறு இல்லாத நான்கு ஸ்ட்ரோக்காக இருந்தால் அதன் பேட்டரியையும் காலி செய்துவிடாதபடி இரண்டு மூன்று முயற்சிகளோடு நிறுத்தி, மறுபடி சற்று நேரம் ஓடவிட்டுச் சார்ஜ் ஏற்றுங்கள். எஞ்சின் பிடித்ததும் கேபிள்களை மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்ற வேண்டும். கேபிளும் கோட்டின் நாடாவும் சுழலும் கிளட்சுக்குள் சிக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல வண்டியின் பேட்டரியைக் கழற்றி இங்கே மாட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையதை மாற்றி வைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். ஓடும் எஞ்சினிலிருந்து பேட்டரியைப் பிரித்தால் வோல்டேஜ் திடீரென்று எகிறி, கணினியையும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் எரித்துவிடக்கூடும். அந்தச் செலவு பல பேட்டரிகளின் விலை.

சார்ஜர் மாட்டுவதற்காக வண்டியிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் மெல்லிய இரட்டை ஒயர் வழியாகவும் செல்ஃபுக்குக் கரண்ட் கொடுக்க முடியாது. அதில் சிறு ஃப்யூஸ்தான் இருக்கும், உடனே போய்விடும்.

காரிலிருந்து

வாகன நிறுத்துமிடத்தில் நிற்கும்போது இந்த வசதி உண்டு. இணைக்கும் வரிசை மேலே சொன்னதேதான். வேறுபாடு ஒன்று: காரின் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பனிவண்டியின் பேட்டரி பெரும்பாலும் 20 ஆம்பியர்-மணி அளவில் இருப்பது. கார் பேட்டரி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அணைந்திருக்கும் காரின் பேட்டரியே பனிவண்டி எஞ்சினைச் சுற்றப் போதும். பெரிய லாரிகளில் 24 வோல்ட் அமைப்பு இருக்கக்கூடும். அவற்றோடு ஒருபோதும் இணைக்கக் கூடாது.

எதுவுமே இல்லாதபோது

பேட்டரி முழுவதும் சாகாமல் சோம்பியிருந்தால், சூடே அதற்கு மருந்து. மைனஸ் 18 டிகிரியில் ஈய-அமில பேட்டரியின் எஞ்சினைச் சுற்றும் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். அதே குளிரில் ஆயில் இறுகுவதால் எஞ்சினைச் சுற்றத் தேவையான விசையோ கூடிவிடும். பேட்டரியைக் கழற்றி விடுதிக்குள்ளோ காரின் ஹீட்டர் முன்போ ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துவிட்டு மாட்டினால், புதிதாகச் சார்ஜ் ஏறாவிட்டாலும் ஒரு முறை எஞ்சினைச் சுற்றும் பலம் திரும்பக்கூடும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். வெயில் ஏறும் நண்பகல்வரை காத்திருப்பதும் சில நேரம் கைகொடுக்கும். எஞ்சின் அறைக்குள் அடுப்பையோ தீச்சுடரையோ காட்டிச் சூடேற்ற முயல்வது மட்டும் வேண்டாம். பெட்ரோல் ஆவி இருக்கும் இடம் அது.

எடை குறைவுக்காக லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்களின் வண்டி குளிரில் முதல் அழுத்தத்தில் செத்ததுபோலக் கிடக்கும். அந்த வகை பேட்டரி கரண்ட் கொடுக்கக் கொடுக்கத் தானே உள்ளுக்குள் சூடேறும். ஆகவே சில நொடி அழுத்தி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி அழுத்தும்போது மூன்றாவது நான்காவது முறையில் பலம் கூடியிருப்பதைக் காணலாம். முதலில் சொன்ன ‘மறுபடி அழுத்தாதீர்கள்’ என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு.

காட்டுப் பாதையில் எதுவும் பலிக்கவில்லை என்றால் வண்டியை இழுத்துத்தான் வர வேண்டும். 250 கிலோ அளவுள்ள வண்டி. கைப்பிடியில் கயிறு கட்டக் கூடாது, முன்புறச் சறுக்குக் கட்டைகளின் கால்களில் கட்ட வேண்டும். இழுக்கும் முன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மெதுவாகவே செல்ல வேண்டும். கயிற்றைவிட விறைப்பான இழுவைத் தண்டு நல்லது, ஏனெனில் இறக்கத்தில் பின்வண்டி முன்வண்டியை மோதாது. தனியாக இருந்து, இருட்டும் நேரம் நெருங்கிவிட்டால் வண்டியை விட்டுவிட்டு நடக்கத் தொடங்காதீர்கள். ஆழ்பனியில் ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் வியர்த்து, வியர்வை குளிர்ந்து உடல் நடுங்கத் தொடங்கிவிடும். வண்டியோடு இருப்பவரைத் தேடுபவர்கள் எளிதில் காண்பார்கள். கைப்பேசிக்குச் சிக்னல் இருந்தால் 911-ஐ அழைத்து, நீங்கள் நிற்கும் பாதையின் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள்.

எஞ்சின் பிடித்த பிறகு

பிடித்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் உடனே அணைத்துவிட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்குகிறவர்கள் உண்டு. அணைக்காதீர்கள். எரிச்சலூட்டும் உண்மை என்னவென்றால், ஐட்லிங்கில் ஓடும் பனிவண்டி பேட்டரிக்குத் தரும் சார்ஜ் மிகக் குறைவு. எஞ்சின் வேகம் கூடக்கூடத்தான் ஸ்டேட்டர் (எஞ்சினோடு சேர்ந்து மின்சாரம் உண்டாக்கும் பாகம்) தரும் மின்சாரம் கூடும். ஐந்து நிமிடம் சூடேற விட்டுவிட்டு, கைப்பிடி ஹீட்டர், கட்டைவிரல் ஹீட்டர், இருக்கை ஹீட்டர், முகத்திரை ஹீட்டர் ஆகியவற்றைக் குளிர் தாங்கும் அளவுக்குக் குறைத்து வைத்து, அரை மணி நேரமாவது இடைவிடாமல் ஓட்டுங்கள். அதன்பின் நிறுத்துவதானாலும் உதவி கிடைக்கும் இடத்தில், பெட்ரோல் பங்க் அல்லது விடுதி வாசலில் நிறுத்துங்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை.

எஞ்சின் வேகமாக ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் புதிய பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் ஓரிரு நாளில் இறங்கும். குறை ஸ்டேட்டரிலோ ரெகுலேட்டரிலோ அவற்றின் இணைப்புகளிலோ இருக்கிறது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது, ஓட்டாதீர்கள்.

மீண்டும் இறங்காமலிருக்க

வீட்டுக்கு வந்ததும், வழியில் ஏறிய சார்ஜை நம்பாமல், தானாகவே நின்றுகொள்ளும் வகைச் சிறு சார்ஜரை இரவு முழுக்க மாட்டுங்கள். 1 அல்லது 2 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர் காலியான 20 ஆம்பியர்-மணி பேட்டரியை நிரப்பப் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். லித்தியம் பேட்டரியாக இருந்தால் அதற்கென்ற சார்ஜர் வேண்டும். உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, முதலில் சூடான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஜம்ப் பேக்குக்கும் இதே விதி.

மறுநாள் முழுச் சார்ஜ் ஆன பேட்டரியைச் சார்ஜரிலிருந்து கழற்றி, வண்டியில் மாட்டாமல் ஓர் இரவு வைத்துவிட்டு வோல்டேஜ் பாருங்கள். பேட்டரி தனியாக இருக்கும்போது 12.6 நிலைத்து, வண்டியில் மாட்டினால் மட்டும் குறைகிறது என்றால் எதுவோ கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. பின்னாளில் பொருத்திய ஜிபிஎஸ், முகத்திரை ஹீட்டருக்கான சாக்கெட், கைப்பேசி சார்ஜர் ஆகியவை முதல் சந்தேகத்துக்குரியவை. இவற்றில் சில எஞ்சின் அணைந்த பிறகும் பேட்டரியோடு நேரடியாக இணைந்தே இருக்கும்.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். குளிருக்கென்று உற்பத்தியாளர் சொல்லும் 0டபிள்யூ வகைச் செயற்கை ஆயிலையே ஊற்றுங்கள். அதைவிடக் கெட்டியானதை ஊற்றினால் நல்ல பேட்டரிகூட அதிகாலையில் திணறும்.

ஏப்ரலில் பனி கரைந்ததும் வண்டியை மூடிவைக்கும்போது பேட்டரியைக் கழற்றி, முழுச் சார்ஜ் ஏற்றி, வெயில் படாத குளிர்ந்த அறையில் வையுங்கள். ஈய-அமில வகையாக இருந்தால் மாதம் ஒருமுறை சார்ஜரில் மாட்டி எடுங்கள். வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் அதன் மேலேயே மை பேனாவால் எழுதி வையுங்கள். நான்கைந்து பனிக்காலம் கண்ட பேட்டரி அக்டோபரில் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், அதை நம்பி வடக்கே நெடும்பயணம் கிளம்பும் முன் கடையில் சுமைச் சோதனை செய்து பார்த்து, தேறவில்லை என்றால் அங்கேயே மாற்றிவிடுங்கள்.